இல்லாத காலில் எரியும் வலிக்குப் புற நரம்புத் தூண்டல்: முதலில் எந்த நரம்பு என்று கேளுங்கள்

கேள்வியின் சாரம் இது. 61 வயதான தந்தைக்குச் சர்க்கரை நோயால் ஆறாத புண் வந்து, 14 மாதங்களுக்கு முன்பு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். புண் ஆறிவிட்டது, செயற்கைக் காலும் பொருத்தியாகிவிட்டது. ஆனால் இல்லாத அந்தப் பாதத்தில் இரவெல்லாம் எரிச்சல் இருக்கிறது. விரல்களை யாரோ பிடித்து முறுக்குவது போன்ற வலியும், அவ்வப்போது கரண்ட் அடித்ததுபோல் சுரீரென்ற தெறிப்பும் வருகின்றன. பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் என்ற நரம்பு வலி மருந்துகளைக் கொடுத்தும் பாதித் தூக்கம்தான். தொடை நரம்புக்கு அருகே மெல்லிய கம்பி வைத்து மின்துடிப்பு கொடுக்கும் சிகிச்சை ஒன்று இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார். அது உண்மையிலேயே பயன் தருமா, பாதுகாப்பானதா, செலவு செய்யலாமா என்று மகள் கேட்டிருக்கிறார்.

அந்தச் சிகிச்சைக்குப் புற நரம்புத் தூண்டல் என்று பெயர். வலிச் சிகிச்சைத் துறையில் பணிபுரிபவன் என்ற முறையில் விரிவாகவே பதில் சொல்கிறேன். கை கால் எடுக்கப்பட்ட பிறகு வரும் நரம்பு வலி, இந்தச் சிகிச்சைக்கு ஓரளவு நல்ல சான்று உள்ள வலிகளுள் ஒன்று; ஆகவே உங்கள் மருத்துவர் சொன்னது பொருத்தமான யோசனைதான். ஆனால் கருவியைப் பற்றி விசாரிப்பதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அப்பாவின் வலியைச் சுமந்து செல்வது எந்த நரம்பு? அந்த நரம்பின் பெயரைச் சொல்ல முடிந்தால்தான் இந்தச் சிகிச்சைக்குப் பொருள் உண்டு. பெயர் சொல்ல முடியாத வலிக்கு எவ்வளவு விலையுயர்ந்த கம்பியை வைத்தாலும் பணமும் நம்பிக்கையும் சேர்ந்தே வீணாகும்.

அதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இல்லாத காலில் வலிக்கிறது என்று அப்பா சொல்லும்போது அது மனப்பிரமை என்று வீட்டில் யாராவது நினைத்தால், அந்த எண்ணத்தை இன்றே விட்டுவிடச் சொல்லுங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்ட வீரர்களுக்கு ஃபிலடெல்ஃபியாவில் சிகிச்சை அளித்த சைலஸ் வெய்ர் மிட்செல் என்ற மருத்துவர் இந்த உணர்வைக் கவனமாகப் பதிவு செய்து, 1871-ஆம் ஆண்டில் அதை 'மாய உறுப்பு' என்ற பெயரால் குறிப்பிட்டார். பெயரில்தான் மாயம் இருக்கிறதே தவிர, வலி உடம்பிலிருந்தே பிறக்கிறது. தங்கள் வலியை யாரும் நம்பமாட்டார்கள் என்று எண்ணி மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்த நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் முதன்முறையாகச் சொல்லத் தொடங்கும்போது குரல் உடைந்துபோகும்.

நடப்பது இதுதான். காலை எடுக்கும்போது நரம்பும் வெட்டப்படுகிறது. வெட்டப்பட்ட நரம்பு சும்மா இருப்பதில்லை. இழந்த பாதையைத் தேடி அதன் முனையிலிருந்து புதிய இழைகள் முளைக்கின்றன. போய்ச் சேர இடம் இல்லாததால் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு முடிச்சாகின்றன. இதை நியூரோமா என்கிறோம். அழுத்தினாலும், சில நேரம் எதுவும் செய்யாமலேயேகூட, அந்த முடிச்சிலிருந்து மின்குறிகள் கிளம்பும். அதே நரம்பு இழைகளின் செல் உடல்கள் தண்டுவடத்திற்கு அருகே உள்ள நரம்புக் கணுவில் உயிரோடு இருக்கின்றன. அவையும் தாமாகவே குறிகளை அனுப்பக்கூடியவை. இப்படி இடைவிடாமல் வந்து சேரும் குறிகளால் தண்டுவடம் நாளடைவில் கூருணர்வு அடைந்து, சிறியதையும் பெரிதாக்கி மேலே அனுப்பப் பழகிவிடுகிறது. மூளையிலோ பாதத்துக்கு உரிய பகுதி இன்னும் அப்படியே இருக்கிறது. அந்த நரம்பின் வழியாக எது வந்தாலும் மூளை அதைப் பாதத்திலிருந்து வந்ததாகவே வாசிக்கிறது.

இனி, நரம்பு வலிக்கு மின்துடிப்பு எப்படி மருந்தாகிறது என்று பார்ப்போம். கதவிடுக்கில் விரல் நசுங்கினால் நம்மையும் அறியாமல் அந்த இடத்தைப் பிடித்துத் தேய்க்கிறோம். குழந்தை இடித்துக்கொண்டு அழுதால் அம்மா நீவிவிடுகிறாள். தொடுதலைக் கொண்டுசெல்லும் பருத்த இழைகள் விரைவாகச் செய்தி அனுப்புபவை. நொடிக்கு ஏறத்தாழ 35 முதல் 75 மீட்டர் வரை அவற்றின் வேகம். எரிச்சல் போன்ற வலியைக் கொண்டுசெல்லும் மெல்லிய இழைகளோ நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டுவதில்லை. பருத்த இழைகள் வேலை செய்யும்போது, தண்டுவடத்தில் ஒரு வாயில் சாத்தப்பட்டதுபோல், மெல்லிய இழைகளின் செய்தி மேலே செல்வது குறைகிறது என்று ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965-இல் முன்வைத்தார்கள். அவர்கள் வரைந்த நுட்பமான வரைபடத்தில் பின்னாளில் பல திருத்தங்கள் வந்தன என்றாலும், தொடுவுணர்வு வலியைத் தணிக்கும் என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

இரண்டே ஆண்டுகளில் அது நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. பேட்ரிக் வாலும், வில்லியம் ஸ்வீட் என்ற நரம்பு அறுவை மருத்துவரும் முதலில் தங்கள் முகத்திலேயே, கண்ணுக்குக் கீழே உள்ள நரம்பில் ஊசி மின்முனையைச் செருகிப் பார்த்துவிட்டு, பிறகு தீராத வலியுள்ள எட்டு நோயாளிகளின் உணர்வு நரம்புகளை நொடிக்கு 100 துடிப்பு என்ற அளவில் தூண்டினார்கள். தூண்டல் நடக்கும்போது, முன்பு தொட்டாலே வலித்த இடத்தை அழுத்தியும் வலி வரவில்லை. புற நரம்பிலேயே நோய் இருந்த நான்கு பேருக்கு, இரண்டு நிமிடத் தூண்டலுக்குப் பிறகு அரை மணி நேரத்துக்கும் மேலாக வலி தணிந்தது. 1967-இல் வெளியான அந்தச் சிறிய கட்டுரையில் இன்றைக்கும் நமக்கு வேண்டிய பாடம் இருக்கிறது: நோய் எந்த நரம்பில் இருந்ததோ அந்த நரம்பைத் தூண்டியவர்களுக்கே நீடித்த பலன் கிடைத்தது.

அடுத்து வந்த முப்பது ஆண்டுகளில் இந்தச் சிகிச்சை பரவாமல் போனதற்குக் காரணம், நரம்பை அறுவை செய்து வெளிப்படுத்தி அதைச் சுற்றி மின்முனையை வளையம்போல் பொருத்த வேண்டியிருந்ததே. சுற்றிலும் தழும்புத் திசு வளர்ந்து நரம்பையே நெரித்த சம்பவங்களும் உண்டு. 1999-இல் ரிச்சர்ட் வைனர், கென்னத் ரீட் ஆகியோர் பிடரித் தலைவலிக்கு, நரம்பைத் திறக்காமல் தோலுக்கு அடியில் ஊசி வழியாகவே கம்பியைச் செலுத்திக் காட்டியதும் நிலைமை மாறியது. பிறகு அல்ட்ராசவுண்ட் கருவி வந்தது. நரம்பையும் அருகில் ஓடும் இரத்தக் குழாயையும் திரையில் பார்த்துக்கொண்டே ஊசியை நகர்த்த முடிகிறது என்பதால், உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்கு இன்று இது பெரிய அறுவைச் சிகிச்சையாக இருக்காது.

இப்போது எந்த நரம்பு என்ற கேள்விக்கு வருகிறேன். இதை உங்கள் வீட்டிலேயே பாதி கண்டுபிடித்துவிடலாம். ஒரு தாளில் வலது பாதத்தின் மேற்பக்கத்தையும் உள்ளங்காலையும் வரைந்து அப்பாவிடம் கொடுத்து, இல்லாத பாதத்தில் எங்கே எரிகிறது, எங்கே முறுக்குகிறது, எங்கே தெறிக்கிறது என்று தனித்தனி வண்ணத்தில் குறிக்கச் சொல்லுங்கள். உள்ளங்காலும் விரல்களின் அடிப்பக்கமும் என்றால், அது இடுப்பிலிருந்து பின்தொடை வழியாக இறங்கும் சயாட்டிக் நரம்பின் டிபியல் கிளை. பாதத்தின் மேற்பக்கமும் காலின் வெளிப்புறமும் என்றால், அதே சயாட்டிக் நரம்பின் பெரோனியல் கிளை. உட்புறக் கணுக்காலும் கெண்டைக்காலின் உட்புறமும் என்றால், அது முன்தொடையில் வரும் ஃபெமரல் நரம்பின் நீட்சியான சஃபீனஸ் நரம்பு. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் சயாட்டிக் நரம்பின்மேல்தான் எனக்குச் சந்தேகம். ஆனாலும் அப்பா வரையும் படம் என் ஊகத்தைவிட நம்பத்தக்கது. வலி இல்லாத காலில் இருக்கிறதா, மீதமிருக்கும் காலின் வெட்டுமுனையில் இருக்கிறதா என்பதையும் பிரித்துக் குறியுங்கள். இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும் என்றாலும் அவற்றின் காரணங்கள் வேறாக இருக்கலாம்.

வெட்டுமுனையில் வலி இருந்தால், நரம்பைத் தவிர வேறு காரணங்களையும் தேடியே ஆக வேண்டும். இதைத்தான் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். செயற்கைக் காலின் கிண்ணப் பகுதி சரியாகப் பொருந்தாமல் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருக்கலாம். வெட்டிய எலும்பின் முனையில் முள்போல் எலும்பு வளர்ந்திருக்கலாம். எலும்புக்குள் கிருமித் தொற்று பதுங்கியிருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொன்றும் உண்டு: தொடையிலிருந்து வரும் இரத்தக் குழாயில் அடைப்பு இருந்து, மீதமிருக்கும் காலுக்கே இரத்தம் போதாமல் வலிக்கலாம். இவற்றுள் எதுவாக இருந்தாலும் மின்துடிப்பு அதைக் குணப்படுத்தாது. அடைப்பையும் தொற்றையும் கண்டுபிடிக்காமல் வலியை மட்டும் அமர்த்துவது ஆபத்து. ஆகவே கால் இரத்த ஓட்டத்துக்கான டாப்ளர் ஸ்கேனும், வெட்டுமுனை எலும்பின் எக்ஸ்ரேயும், நியூரோமா இருக்கிறதா என்று பார்க்க நரம்புக்கான அல்ட்ராசவுண்டும் முதலில் எடுத்தாக வேண்டும். முதுகுத் தட்டு விலகி சயாட்டிக் வேர் அழுந்தினாலும் இல்லாத காலில் வலி தெறிக்கும் என்பதால், முதுகையும் ஒருமுறை பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் அப்பாவின் இடது பாதத்திலும் எரிச்சல் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அது வேறு நோய். சர்க்கரையால் இரு கால்களிலும் நுனி நரம்புகள் எல்லாமே சேர்ந்து பழுதடையும் நிலை அது. அங்கே ஒரு நரம்பைச் சுட்டிக்காட்ட முடியாது. அந்த வலிக்குத் தண்டுவடத் தூண்டல் என்ற வேறு சிகிச்சை உண்டு. நொடிக்கு 10,000 துடிப்பு அளவில் தண்டுவடத்தைத் தூண்டி 216 சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தி 2021-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அந்தச் சிகிச்சை பெற்றவர்களுள் 79 சதவீதத்தினர் நிர்ணயித்த இலக்கை எட்டினார்கள். மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் எட்டியவர்கள் 5 சதவீதம்.

படம் வரைந்து நரம்பைச் சந்தேகித்த பிறகு, அதை உறுதி செய்யும் வழி மரத்துப்போகும் ஊசி. அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டு, சந்தேகிக்கும் நரம்பைச் சுற்றி லிக்னோகெய்ன் போன்ற மருந்தைச் சிறிதளவு செலுத்துவார்கள். அதற்குப் பிந்திய சில மணி நேரம் வலி எப்படி இருக்கிறது என்று அரை மணிக்கு ஒருமுறை பூஜ்யம் முதல் பத்து வரையிலான அளவில் எழுதிவையுங்கள். வலி கணிசமாகக் குறைந்தால் அந்த நரம்புக்கும் வலிக்கும் தொடர்பு இருக்கிறது என்று பொருள். சற்றும் அசையவில்லை என்றால் கம்பி வைப்பதற்கு அவசரப்பட வேண்டாம். இந்தச் சோதனை நூறு சதவீதம் நம்பத்தக்கது என்று சொல்லமாட்டேன். ஊசி போட்டதாலேயே வலி குறைந்ததாகத் தோன்றும் விளைவு மனித இயல்பு என்பதால், முடிந்தால் இரு வேறு நாட்களில் செய்து பார்ப்பது நல்லது. எந்த நரம்பு என்று சோதிக்காமலேயே நேராகக் கருவிக்கு முன்பணம் கேட்கும் இடம் எதுவாயினும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

சிகிச்சை நடக்கும் முறை எளிது. தோலை மட்டும் மரக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே, தொடையில் ஊசியைச் செலுத்தி அதன் வழியாகத் நூல்போன்ற மெல்லிய சுருள்கம்பியை நரம்புக்கு அருகே விடுகிறார்கள். ஒருவகைக் கம்பியில் நரம்பைத் தொடவே வேண்டியதில்லை; அரை சென்டிமீட்டர் முதல் மூன்று சென்டிமீட்டர் வரை தள்ளியிருந்தாலும் வேலை செய்யும்படி அது அமைக்கப்பட்டிருக்கிறது. பிறகு துடிப்பை மெல்ல ஏற்றி, எங்கே உணர்கிறீர்கள் என்று கேட்பார்கள். அப்போது இல்லாத பாதத்தின் உள்ளங்காலில் இதமாகக் குறுகுறுக்கிறது என்று நோயாளி சொல்வார். மாதக்கணக்கில் வேதனையை மட்டுமே தந்த அந்தப் பாதத்திலிருந்து முதன்முறையாக ஓர் இதமான உணர்வு வருவதை அவர்கள் முகத்தில் பார்ப்பது எனக்கு இன்றைக்கும் மனத்தை நெகிழச் செய்யும் காட்சி. அந்தக் குறுகுறுப்பு, வலி உள்ள இடம் முழுவதையும் போர்த்த வேண்டும். போர்த்தாவிட்டால் கம்பியை நகர்த்த வேண்டும்.

கருவிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று தற்காலிகமானது: கம்பியின் வெளிமுனை தோலுக்கு வெளியே வந்து, தொடையில் ஒட்டப்பட்ட சிறு மின்கலப் பெட்டியுடன் இணைந்திருக்கும், 60 நாட்கள் கழித்துக் கம்பியை இழுத்து எடுத்துவிடுவார்கள். இவ்வகைக் கருவிக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016-இல் அனுமதி அளித்தது. மற்றொன்று நிரந்தரமானது: கம்பி முழுவதும் உள்ளேயே இருக்கும்; வெளியிலிருந்து ஓர் ஒட்டுப்பட்டையோ அணிகருவியோ அதற்கு மின்சக்தி அனுப்பும், அல்லது மின்கலமும் தோலுக்கு அடியிலேயே பதிக்கப்பட்டிருக்கும். உங்கள் அப்பாவின் நிலையில் நான் முதலில் தற்காலிக முறையையே பரிசீலிப்பேன். அதற்கு ஆதாரமான ஆய்வைச் சற்று விரிவாகச் சொல்வது நியாயம்.

2019-இல் வெளியான அந்த ஆய்வில் கால் இழந்து நாள்பட்ட வலியோடு வாழ்ந்த 28 பேர் பங்கெடுத்தார்கள். எல்லோருக்கும் ஃபெமரல், சயாட்டிக் நரம்புகளுக்கு அருகே கம்பி வைக்கப்பட்டது. ஒரு குழுவுக்கு எட்டு வாரம் உண்மையான துடிப்பும், மற்றக் குழுவுக்கு முதல் நான்கு வாரம் துடிப்பே இல்லாத போலிச் சிகிச்சையும் தரப்பட்டது. முதல் நான்கு வாரங்களில், வலி பாதிக்குப் பாதியாவது குறைந்தவர்கள் உண்மைக் குழுவில் 12 பேரில் 7 பேர். போலிக் குழுவில் 14 பேரில் 2 பேர். கம்பியை எடுத்து நீண்ட நாட்கள் ஆன பின்பும், ஓராண்டு முடிவில் உண்மைக் குழுவில் தகவல் கிடைத்த 9 பேரில் 6 பேருக்குப் பாதிக்கு மேற்பட்ட நிவாரணம் நீடித்தது. இரண்டு மாதம் நரம்புக்கு இதமான செய்தியை மட்டுமே ஊட்டியதால் தண்டுவடமும் மூளையும் தங்கள் பழைய கூருணர்விலிருந்து மீள்கின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். அது இன்னும் கருதுகோள்தான்.

இந்த எண்களைப் பார்த்து மகிழ்வதற்கு முன்னால் அவற்றின் வரம்புகளையும் பார்க்க வேண்டும். 28 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. போலிக் குழுவினருக்கும் நான்கு வாரத்துக்குப் பிறகு உண்மைச் சிகிச்சை தரப்பட்டுவிட்டதால், ஓராண்டு முடிவை ஒப்பிடச் சிகிச்சையே பெறாத குழு எதுவும் மிஞ்சவில்லை. போலிச் சிகிச்சைக் காலத்தின் இறுதியில் இருந்த நிலையோடுதான் ஒப்பிட்டார்கள். துடிப்பு வந்தால் குறுகுறுப்பு தெரியும் என்பதால், தனக்கு எது கிடைக்கிறது என்று நோயாளி ஊகித்துவிடவும் வாய்ப்பு உண்டு. ஆய்வுக் குழுவில் கருவியை உருவாக்கிய நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். இவ்வளவையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும், வேறு வழிகள் தோற்ற ஒருவருக்கு இரண்டு மாதம் முயன்று பார்க்கத் தகுந்த அளவு சான்று இதில் இருக்கிறது என்பதே என் கருத்து. நிரந்தரக் கருவிகளின் சான்று சற்று மங்கலானது. பல்வேறு புற நரம்பு வலிகள் உள்ள 94 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மூன்று மாத முடிவில் 38 சதவீதத்தினருக்குக் குறிப்பிடத்தக்க நிவாரணம் கிடைத்தது. ஒப்பீட்டுக் குழுவில் அது 10 சதவீதம். அதாவது உண்மைக் கருவி வைத்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. விற்பனைக் கையேடுகளில் இந்தப் பக்கம் இடம்பெறுவதில்லை.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, இது உயிருக்கு ஆபத்தான சிகிச்சை இல்லை. ஆனால் அப்பாவின் சர்க்கரை நோயைக் கணக்கில் கொள்ள வேண்டும். தோலைத் துளைத்து வெளியே வரும் கம்பி இரண்டு மாதம் இருக்கும்போது தொற்று வரக்கூடும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி கட்டுக்குள் வராமல் இதில் இறங்குவதை நான் ஏற்கமாட்டேன். கம்பி வெளிவரும் இடத்தை ஈரமாக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குளம், கிணறு, தொட்டிக் குளியல் எல்லாம் அந்த 60 நாட்களுக்குக் கூடாது. நம் ஊர் வியர்வையில் ஒட்டுப்பட்டை கழன்றுகொண்டே இருக்கும் என்பதால் மாற்றுப்பட்டைகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கம்பி இடம்பெயரலாம், அறுந்துபோகலாம். எடுக்கும்போது நுண்துண்டு ஒன்று உள்ளேயே தங்கிவிடுவதும் நடப்பதுண்டு. அது பெரும்பாலும் தொந்தரவு தராது என்றாலும், பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும்போது சொல்லியாக வேண்டிய செய்தி. கால் இரத்தக் குழாய்க்காக இரத்த உறைவைத் தடுக்கும் ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ எடுத்துக்கொண்டிருந்தால், ஊசிக்கு முன்பு அதை நிறுத்தலாமா என்பதை இதய மருத்துவரும் வலி மருத்துவரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்திவிடாதீர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். மின்கலப் பெட்டியும் கம்பி வெளிவரும் இடமும் செயற்கைக் காலின் கிண்ணத்துக்கோ வாருக்கோ அடியில் வராதபடி, அந்தக் காலை அணிந்துகொண்டே போய் இடத்தைக் குறிக்கச் செய்வது அவசியம். இது சாதாரணமாகத் தோன்றும். ஆனால் இதைத் தவறவிட்டால் அப்பா இரண்டு மாதம் நடக்க முடியாமல் உட்கார வேண்டியிருக்கும்.

கம்பிக்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியவை முழுமையாகச் செய்யப்பட்டனவா என்பதும் முக்கியம். நரம்பு வலி மருந்துகள் எல்லோருக்கும் உதவுவதில்லை. ஒருவருக்கு மருந்தின் பயனாகப் பாதி வலி குறைய, அமிட்ரிப்டிலின் வகையை ஏறத்தாழ 4 பேருக்கும், பிரிகாபலினை ஏறத்தாழ 8 பேருக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று 2015-இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு கணக்கிட்டது. எனவே மருந்து கேட்காதது உங்கள் அப்பாவின் குறை இல்லை. அதேநேரம் மருந்தளவு போதுமானதாக இருந்ததா என்று பார்க்க வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் பிரிகாபலினைக் கூட்டவும் முடியாது, கூட்டினால் தள்ளாடிச் செயற்கைக் காலோடு விழுவார். இவ்விரண்டில் ஒன்றுக்குப் பதிலாக டுலோக்செடின் என்ற வேறு நரம்பு வலி மருந்தைத் தரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அமிட்ரிப்டிலினோடு சேர்த்துத் தருவது எச்சரிக்கையோடு செய்ய வேண்டியது.

செலவே இல்லாத ஒரு சிகிச்சையும் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் நரம்பியல் ஆய்வாளராக விளங்கும் வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் கண்ணாடிப் பெட்டியைக் கொண்டு உருவாக்கிய முறை அது. கால்களுக்கு நடுவே நிலைக்கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் காலின் பிம்பத்தை இல்லாத காலாகப் பார்த்துக்கொண்டே இரண்டு பாதங்களையும் அசைப்பதுபோல் செய்ய வேண்டும். 2007-இல் வெளியான சிறு ஆய்வு ஒன்றில், நான்கு வாரம் இப்படிச் செய்த ஆறு பேருக்கும் மாய உறுப்பு வலி குறைந்தது. விரல்களை முறுக்கும் வலி என்று நீங்கள் எழுதியிருப்பதால் இதை அப்பாவுக்கு இன்றே தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நாளுக்கு 15 நிமிடம், நான்கு வாரம் விடாமல் செய்யட்டும். தொடக்கத்தில் சிலருக்கு அழுகையோ மயக்கமோ வரும் என்பதால் யாராவது பக்கத்தில் இருங்கள்.

இன்னொரு வழி, நரம்புக்கு அருகே மெல்லிய குழாய் வைத்து ஆறு நாட்கள் தொடர்ந்து மரப்பு மருந்தைச் செலுத்துவது. கை கால் இழந்த 144 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியான ஆய்வில், நான்கு வாரம் கழித்து, மருந்து பெற்றவர்களின் மாய உறுப்பு வலி பத்துக்கு 3 புள்ளி குறைந்தது. உப்புநீர் பெற்றவர்களுக்கு 1.1 புள்ளி. இதற்குத் தனிக் கருவி ஏதும் வாங்க வேண்டியதில்லை. பெரிய மருத்துவமனைகளில் மயக்கவியல் மருத்துவர்கள் அறுவைச் சிகிச்சை வலிக்காக அன்றாடம் பயன்படுத்தும் குழாய்தான். ஸ்கேனில் பெரிய நியூரோமா தெரிந்தால், அதை வெட்டி, நரம்பு முனையை அருகில் உள்ள தசையின் சிறு நரம்போடு இணைத்து, அதற்குப் போய்ச் சேர ஓர் இடம் கொடுக்கும் அறுவையைப் பற்றியும் பிளாஸ்டிக் அறுவை மருத்துவரிடம் கேட்கலாம்.

செலவு குறித்து. எழுத்தில் மதிப்பீடு வாங்காமல் தேதி குறிக்காதீர்கள். கருவிக்கு எவ்வளவு, செலுத்தும் கட்டணம் எவ்வளவு, கம்பி இடம்பெயர்ந்தால் மறுபடி வைக்கும் செலவு யாருடையது, 60 நாட்களில் எத்தனை முறை வந்து காட்ட வேண்டும் என்பதெல்லாம் அதில் தனித்தனியாக இருக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகளின்படி, இந்தியாவில் இறக்குமதி செய்து விற்கும் கருவிக்கு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் உரிமம் வேண்டும். அந்த உரிம எண்ணைக் கேட்டு வாங்குங்கள். காப்பீடு இருந்தால் முன்னனுமதிக் கடிதத்தில் கருவியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

எது வெற்றி என்பதையும் கம்பி வைப்பதற்கு முன்பே அப்பாவோடு உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். வலி முற்றிலும் போய்விடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். இரவில் இடையறாமல் ஐந்து மணி நேரத் தூக்கம், செயற்கைக் காலோடு கடைத்தெரு வரை நடந்து திரும்புதல், பிரிகாபலின் பாதியாகக் குறைதல் என்பவை போன்ற கணக்கிடக்கூடிய குறிகளாக அவை இருக்கட்டும். இன்றிலிருந்தே தூக்க நேரத்தையும் காலை, மாலை வலி அளவையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். இரண்டு வார நோட்டு, பாதத்தின் வண்ணப்படம், டாப்ளர் அறிக்கை, எக்ஸ்ரே, மூன்று மாதச் சர்க்கரை அளவு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் அளவு, எடுத்துக்கொள்ளும் மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றுடன் அந்த மருத்துவரை மீண்டும் பாருங்கள். கம்பியைப் பற்றிப் பேசுவதற்கு முன், எந்த நரம்பை எப்போது மரக்கவைத்துச் சோதிக்கப் போகிறார் என்று கேளுங்கள்.